இமை மூடாத ஆசை: ‘எக்ஸ்’ திரைப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு வாசிப்பு அறையின் மாடியில், மாதத்துக்கு ஒரு பழைய படம் என்ற கணக்கில் சில நண்பர்கள் திரையிட்டு வருகிறோம். ‘எக்ஸ்’ என்ற இந்தப் படத்தை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறோம். மூன்று முறையும் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஏறக்குறைய அதே சந்தேகங்களே எழுந்தன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இங்கே வருகிறது. படத்தை முதலில் பார்க்க விரும்புபவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இது என்ன படம் சாரே? பேரே கேள்விப்பட்டது இல்லியே.

1963 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோஜர் கார்மன் இயக்கத்தில் வெளிவந்த, 79 நிமிடம் மட்டுமே ஓடும் அறிவியல் திகில் படம் இது. விளம்பரங்களில் ‘எக்ஸ்: தி மேன் வித் தி எக்ஸ்-ரே ஐஸ்’ என்று நீளமாக இருந்தாலும், திரையில் ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்துதான் தலைப்பாக வருகிறது. ராபர்ட் டில்லன், ரே ரஸ்ஸல் இருவரும் திரைக்கதை எழுதினர். மருத்துவர் ஜேம்ஸ் சேவியராக ரே மில்லண்ட் நடித்தார்.

குறைந்த செலவில், சில வாரங்களில் படங்களை எடுத்து முடிப்பவர் என்று பெயரெடுத்த இயக்குநர் என்பதால், இதையும் மலிவான படங்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். தலைப்பைப் பார்த்ததும் ஒரு வேடிக்கைப் படம் என்றே தோன்றும். உள்ளே இருப்பது வேறு.

நான் பாதியில வந்தேன். கதைய சுருக்கமா சொல்லுங்க.

சேவியர் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர். மனிதக் கண் உலகில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே காண்கிறது என்ற குறை அவரை அரிக்கிறது. பார்வையை விரிவாக்கும் சொட்டு மருந்து ஒன்றை உருவாக்கி, முதலில் ஒரு குரங்கின் கண்ணில் இடுகிறார். அது ஒன்றன்பின் ஒன்றாக வைத்த அட்டைகளை ஊடுருவிப் பார்க்கிறது. பிறகு அதிர்ச்சியில் செத்துப்போகிறது. அது எதைக் கண்டது என்று தெரிந்துகொள்ள அவர் தம் கண்ணிலேயே மருந்தை இடுகிறார். ஆராய்ச்சிக்கான நிதி நின்றுபோகிறது. ஓர் அறுவை அரங்கில், மூத்த மருத்துவர் தவறாக நோய் கணித்திருப்பதைத் தம் கண்ணாலேயே கண்டு, அவருடைய கையைக் கத்தியால் கீறித் தடுத்து, தாமே அறுவை செய்து ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறார். அதற்காக வழக்கு வரும் என்ற நிலையில், அவரைத் தடுக்க முயன்ற நண்பர் பிராண்ட், தள்ளுமுள்ளில் ஜன்னல் வழியே விழுந்து இறக்கிறார்.

அங்கிருந்து ஓட்டம்தான். ஒரு பொருட்காட்சியில் மனத்தைப் படிப்பவராக வேடமிடுகிறார். கிரேன் என்ற ஆளிடம் சிக்கி, நிலவறையில் நோயாளிகளைப் பார்க்கிறார். தோழி டயானுடன் லாஸ் வேகாஸ் சென்று சூதாட்டத்தில் வெல்கிறார். அங்கே கறுப்புக் கண்ணாடி கழன்று விழ, மாறிப்போன கண்களைக் கண்டு எல்லாரும் மிரள்கிறார்கள். பாலைவனத்தில் காரை மோதவிட்டு, தள்ளாடியபடி ஒரு கூடாரத்தில் நடக்கும் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டத்துக்குள் நுழைகிறார். ‘கண் இடறலானால் பிடுங்கிப் போடு’ என்று பிரசங்கியார் முழங்க, கூட்டமும் சேர்ந்து கத்த, அவர் பிடுங்கிவிடுகிறார். வெறுங்குழிகளோடு அவர் முகம் உறைந்து நிற்பதோடு படம் முடிகிறது.

இது பேய்ப் படமா, சயின்ஸ் படமா?

பேய் இல்லை. மருந்து அறிவியலுடையது, பயம் அதற்குப் பின்னால் வருவது.

கண்ணுல சொட்டு மருந்து விட்டா நிஜமாவே எக்ஸ்ரே மாதிரி தெரியுமா?

தெரியாது. 1895 இல் ரான்ட்கன் கண்டறிந்த எக்ஸ்-ரே கதிர்கள் உடலின் ஒரு பக்கத்திலிருந்து புகுந்து மறுபக்கத்தில் வைத்த படலத்தில் விழுவதால்தான் எலும்பு தெரிகிறது. நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் அந்தக் கதிர்களை நம் கண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதில்லை; ஆகவே கண் எவ்வளவு கூர்மையானாலும் சுவருக்கு அப்பால் இருப்பது புலப்படாது. சேவியர் தமக்குத் தெரிவது பத்தில் ஒரு பங்குதான் என்று குறைபடுகிறார்; உண்மையில் நம் கண்ணுக்குப் புலனாகும் சுமார் 380 முதல் 750 நானோமீட்டர் வரையிலான ஒளி, மின்காந்த அலைகளின் முழு வரிசையில் அதைவிட மிக மிகச் சிறிய துண்டு.

ஆனாலும் ஒரு செய்தி உண்டு. நம் கண்ணில் உள்ள வில்லை (லென்ஸ்) புறஊதாக் கதிர்களின் பெரும்பகுதியை விழித்திரைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. செயற்கை வில்லை வைக்கும் வழக்கம் வருவதற்கு முன், கண்புரை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருந்த பெரியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். வில்லை நீக்கப்பட்ட அத்தகைய கண்களில் சிலருக்கு, மற்றவர்கள் காணாத புறஊதாவின் ஓரம் நீலம் கலந்த வெண்மையாகத் தெரிவதுண்டு. இப்போது பொருத்தும் வில்லைகளில் அதைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தே செய்கிறார்கள். நம் கண் ஒரு ஜன்னல் மட்டும் அல்ல, ஒரு தடுப்பும் கூட என்பதை இந்தப் படத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த டாக்டருக்கு அப்பிடி என்ன ஆசை? பணமா, பேரா, பெண்ணா?

மூன்றும் இல்லை, அதனால்தான் படம் கடினமாகிறது. தொடக்கத்திலேயே, கடவுளர்கள் மட்டுமே எல்லாவற்றையும் காண்கிறார்கள் என்று பிராண்ட் எச்சரிக்க, தாம் அவர்களை நெருங்கிக்கொண்டிருப்பதாகச் சேவியர் பதில் சொல்கிறார். இதை ஆணவம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் எளிதில் முடிந்துவிடும். என் கணிப்பில் அவருடைய ஆசைக்குப் பொருள் என்று ஒன்று இல்லை. பணத்துக்கு ஆசைப்படுபவனுக்குப் பணம் கிடைத்தால் ஒரு கணமாவது நிறைவு வரும். ‘இன்னும் பார்க்க வேண்டும்’ என்ற ஆசைக்கு, பார்த்தது எதுவும் போதுமானதாக இருக்க முடியாது, ஏனென்றால் பார்த்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொன்று இருக்கிறது.

படத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் காகிதத்தின் மறுபக்கம், பிறகு உடை, பிறகு தோல், பிறகு உள்ளுறுப்பு, பிறகு எலும்பு, பிறகு கட்டடங்களின் இரும்புச் சட்டம், கடைசியில் வானத்தின் அப்பால். ஒவ்வொரு படியிலும் முந்தைய படி காணாமல் போகிறது. மனிதர்களின் முகத்தையே அவரால் காண முடியாத நிலை வருகிறது. நகரம் சதை கரைந்த எலும்புக்கூடாகவும், இறந்தவர்களின் ஊராகவும் தெரிவதாக அவர் சொல்லும் இடம்தான் எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பயமூட்டியது. கண்ணைப் பிடுங்கும் காட்சி அல்ல.

பார்ட்டி சீன் எதுக்காக்கும்? பிள்ளையளோட உக்காந்து பாக்க முடியல்ல.

நடனக்கூடத்தில் எல்லாருடைய உடைகளும் அவருக்கு மறைந்துபோகும் அந்தக் காட்சி, இன்றைய அளவுகோலில் மிகவும் அடக்கமானது. கால்களும் தோள்களும் மட்டுமே தெரியும். அசட்டுச் சிரிப்பை வரவழைக்கும் காட்சி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர் சிரிக்கிறார் என்பது முக்கியம். மருந்து இட்ட பிறகு அவர் மகிழ்ச்சியாக இருக்கும் இடம் படத்தில் அது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். அந்தச் சிறு இன்பத்தில் நின்றிருந்தால் அவர் ஒரு சாதாரண சபலக்காரர். அவருடைய ஆசை அதையும் ஊடுருவிக்கொண்டு போய்விடுகிறது.

அவரு நல்லதுக்குத்தான பாத்தாரு? அந்தக் கொச்சுப் பிள்ளைய காப்பாத்தினாருல்லா? பின்ன எதுக்கு இந்தத் தண்டனை?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், குறிப்பாக மருத்துவத் துறையில் இருப்பவர்கள். அறுவை அரங்கில் அவர் சொன்னது சரி, மூத்த மருத்துவர் செய்ய இருந்தது தவறு, சிறுமி பிழைத்தாள்; இந்த மூன்றிலும் படம் எந்தச் சந்தேகத்தையும் வைக்கவில்லை. ஆகவே, ‘அறிவைத் தேடினால் அழிவு’ என்ற பழைய பாடத்தை இதன்மேல் ஒட்டுவது பொருந்தாது. அறிவு இங்கே ஓர் உயிரைக் காத்திருக்கிறது.

ஆனால் அதே காட்சியில்தான் ஆசைக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. அதுவரை ‘எனக்குப் பார்க்க வேண்டும்’ என்றிருந்தது, அதற்குப் பிறகு ‘நான் பார்த்தால்தான் பிறர் பிழைப்பார்கள்’ என்றாகிறது. நல்ல காரணம் கிடைத்த ஆசையை யாராலும் தடுக்க முடியாது. பிராண்ட் தடுக்க வந்தபோது நடந்ததைப் பார்த்தோம். இதைத் தண்டனை என்று நான் படிக்கவில்லை. மருந்தின் விளைவு கண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான். அது நல்லவர் கண்ணா கெட்டவர் கண்ணா என்று பார்ப்பதில்லை.

அப்போ அவருக்கு மன உறுதி இல்லைன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. மன உறுதி அவருக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. குரங்கு செத்ததைக் கண்ணால் கண்ட பிறகும் அதே மருந்தைத் தம் கண்ணில் இட்டுக்கொள்வதற்கு உறுதி வேண்டும். வேலையும் பெயரும் வீடும் போன பிறகும் ஒரு நிலவறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பதற்கும் உறுதி வேண்டும்.

நம் மொழியில் ‘வைராக்கியம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வடமொழியிலிருந்து வந்தபோது அதற்குப் பற்றின்மை, ஆசையை விட்டு விலகி நிற்றல் என்பதே பொருள். பேச்சு வழக்கிலோ அது எடுத்த காரியத்தை விடாத பிடிவாதமாகிவிட்டது. ‘வைராக்கியமா நின்னு வீட்ட கெட்டி முடிச்சாரு’ என்கிறோம். ஒன்று விடும் உறுதி, மற்றது விடாத உறுதி. சேவியரிடம் இரண்டாவது நிறைய இருக்கிறது, முதலாவது துளியும் இல்லை. ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்தப் படம் புரிவது எளிது என்று நினைக்கிறேன்.

இதைப் படம் வசனத்தில் சொல்லாமல் ஓர் உடற்செய்தியாகக் காட்டிவிடுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவரால் கண்ணை மூட முடிவதில்லை. இமையை மூடினாலும் இமைக்கு அப்பால் தெரிகிறது. உறங்கவும் இருட்டில்லை. தடித்த கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார், அதுவும் பலிப்பதில்லை. நம் கண் ஒரு தடுப்பும் கூட என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அவர் இழந்தது பார்வையை அல்ல, பார்க்காமல் இருக்கும் வசதியை.

இது குடிகாரன் கதை மாதிரி இருக்குன்னு எங்க அண்ணன் சொன்னான். சரியா?

உங்கள் அண்ணன் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். இயக்குநர் கார்மன் இந்தக் கதையை யோசித்தபோது, ஒரு கட்டத்தில் நாயகனை அளவு மீறிப் போதை மருந்து எடுத்த ஜாஸ் இசைக்கலைஞனாக மாற்றி எழுதிப் பார்த்ததாகவும், சில பக்கங்களிலேயே அது பிடிக்காமல் மீண்டும் விஞ்ஞானிக்கே திரும்பியதாகவும் சொல்லியிருக்கிறார். நடிகர் தேர்வும் பொருந்தி வருகிறது: ரே மில்லண்ட் 1945 ஆம் ஆண்டு வெளியான ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ படத்தில் குடியை விட முடியாத எழுத்தாளராக நடித்து ஆஸ்கர் பெற்றவர். கை நடுங்க ஒரு சிறு குப்பியைத் திறக்கும்போது அவர் முகத்தில் வரும் அவசரம் புதிதாகக் கற்றுக்கொண்டது அல்ல.

ஆனால் முழுவதும் ஒன்றல்ல. குடிப்பவர் மறக்கக் குடிக்கிறார், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறார். சேவியருக்கு மறக்கவே வழியில்லை. மேலும், குடிப்பவருக்கு நாளைக்கு விட்டுவிடலாம் என்ற நினைப்பாவது துணைக்கு இருக்கும். நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அந்த நாளைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சேவியர் ஒருமுறைகூட ‘நாளைக்கு விட்டுவிடுவேன்’ என்று சொல்வதில்லை.

கிரேன்னு ஒருத்தன் வாறானே, அவன்தான வில்லன்?

டான் ரிக்கிள்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார், நன்றாகவே செய்திருக்கிறார். கிரேன் பணத்தாசை பிடித்தவன், மிரட்டுபவன். ஆனால் அவனுடைய ஆசைக்கு ஓர் எல்லை தெரிகிறது: வந்தவர்களிடம் கிடைத்ததை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டால் அவனுக்குப் போதும். சேவியருடைய ஆசையோடு ஒப்பிட அதை அருகில் வைத்திருக்கிறார்களே தவிர, கதையை அழிவுக்குக் கொண்டுபோவது அவன் அல்ல.

சுசீந்திரத்து இந்திரன் கதையும் இதும் ஒண்ணுதானா?

வெளிநாட்டுப் படத்துக்கு நம் ஊர் விளக்கம் தேடுவது எல்லா இடத்திலும் பலிக்காது. இங்கே ஓரளவு பலிக்கிறது. அகலிகைமேல் கொண்ட இச்சையால் சாபம் பெற்று, உடலெங்கும் ஏற்பட்ட குறிகள் ஆயிரம் கண்களாக மாறிய இந்திரன், தூய்மை பெற்ற தலம் சுசீந்திரம் என்பது தலபுராணம். இன்றும் இரவில் அவன் வந்து பூசை செய்வதாக நம்பிக்கை உண்டு. ஆசைப்பட்டவன் உடம்பில் கண் முளைப்பது என்ற கற்பனை, சேவியருக்கு நடப்பதற்கு மிக அருகில் இருக்கிறது.

வேறுபாடு முடிவில்தான். இந்திரனுக்குப் போக ஓர் இடம் இருந்தது. வணங்க ஒருவர் இருந்தார். ஆசைக்குப் பிறகு ஒரு வாழ்க்கை இருந்தது. சேவியர் போய்ச் சேரும் வழிபாட்டிடத்தில் நடப்பது வேறு.

கடைசியில பிரசங்கியார் வசனத்த சரியாத்தான சொல்லுதாரு? வேதாகமத்துல உள்ளதுதான?

வசனம் சரி. மத்தேயு 5 ஆம் அதிகாரம் 29 ஆம் வசனம்: ‘உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு.’ கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து வளர்ந்த நம் பக்கத்துக்காரர்கள் இந்தக் காட்சியில் ஒரு கணம் அசைந்து உட்காருவதை மூன்று திரையிடலிலும் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கி, விசுப்பலகை, கூட்டத்தின் ஒத்த குரல் எல்லாம் நமக்குப் பழக்கமானவை.

ஆனால் அதற்கு முந்தைய 28 ஆம் வசனத்தையும் படியுங்கள். பெண்ணை இச்சையோடு பார்ப்பதைப் பற்றித்தான் அங்கே பேச்சு. மனத்தில் எழும் ஆசையைக் கண்டிக்கும் இடம் அது. பிரசங்கியார் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டு, கண் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இரட்சிக்கப்பட வந்தாயா என்று கேட்டபோது சேவியர் இல்லை என்கிறார். தாம் காண்பதைச் சொல்லவே வந்ததாகச் சொல்கிறார். பெரும் இருள்களையும், அவற்றுக்கு அப்பால் ஓர் ஒளியையும், அகிலத்தின் நடுவே நம்மையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணையும் விவரிக்கிறார். முதல்முறையாக அவர் பார்ப்பதை விட்டுச் சொல்ல வந்திருக்கிறார். கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பாவத்தையும் பிசாசையும் காண்கிறாய் என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது.

கண்ணைப் பிடுங்கினது தானே மன உறுதி? கண்ணப்ப நாயனாரும் அதைத்தானே செய்தாரு?

மிகக் கூர்மையான கேள்வி. கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவருக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை, ஆகவே இங்கே திருத்தி எழுதுகிறேன். கண்ணப்பர் இரண்டாவது கண்ணைத் தோண்டப் போகும்போது, பார்வை முழுவதும் போய்விட்டால் இடம் தெரியாதே என்று, இறைவனின் கண் இருந்த இடத்தில் தம் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொள்கிறார். அந்த ஓர் அசைவில் எவ்வளவு நிதானம் இருக்கிறது! என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம், செய்த பிறகு என்ன ஆகும் என்று எல்லாம் தெரிந்த கை அது. ‘நில்லு கண்ணப்ப’ என்று தடுக்கவும் ஒரு குரல் வருகிறது.

சேவியரின் கையைப் பாருங்கள். கூட்டம் பிடுங்கு, பிடுங்கு என்று கத்துகிறது. அந்தத் தாளத்தில் கை எழுகிறது. விடும் உறுதி என்று மேலே சொன்னேனே, இது அதுவாக எனக்குத் தோன்றவில்லை. படம் முழுவதும் எவர் சொல்லையும் கேட்காத மனிதர், கேட்டிருக்கக் கூடாத ஒரு சொல்லுக்கு மட்டும் கட்டுப்படுகிறார். தமிழாசிரியை இதை ஏற்கவில்லை. துன்பம் தாளாமல் தாமே முடிவெடுத்தார், கூட்டம் ஒரு சாக்கு என்பது அவர் வாதம். அப்படியும் பார்க்க இடமிருக்கிறது.

கண்ணைப் பிடுங்கின பொறவும் ‘இன்னும் தெரியுது’ன்னு கத்துவாராமே, அந்த சீன் எங்க?

அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லை. வெட்டப்பட்ட கடைசி வசனம் ஒன்று உண்டு என்ற வதந்தியைத் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1981 இல் வெளியான தம் நூலில் எழுதியதால் அது பரவிவிட்டது. கார்மன் அப்படிப் படமாக்கவில்லை என்று மறுத்தார். ஆனால் அந்த யோசனை நன்றாக இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். எடுக்காத வசனத்தை இத்தனை பேர் நம்புவதற்குக் காரணம், அது படத்தின் போக்குக்கு அவ்வளவு பொருந்துவதுதான்: இமையைக் கடந்த பார்வைக்குக் கண்குழி மட்டும் எப்படித் தடையாகும்?

சரி, அவரு எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்? அதச் சொல்லுங்க.

ஒவ்வொரு திரையிடலிலும் இதைப் பார்வையாளர்களிடமே திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் சிறுமியைக் காப்பாற்றிய உடனே என்கிறார்கள். ஒரு நல்ல காரியத்தோடு முடித்திருக்கலாமே என்று. அது முடியாது என்பதை மேலே எழுதியிருக்கிறேன், அந்த நல்ல காரியம்தான் ஆசையைப் பலப்படுத்தியது. தக்கலையிலிருந்து வந்த ஒரு செவிலியர், குரங்கு செத்த அன்றைக்கே என்றார். எதைக் கண்டு செத்தது என்று தெரியாமல் அடுத்த சொட்டு விடுவதை எந்த வார்டிலும் அனுமதிக்க மாட்டோம் என்று சேர்த்துக்கொண்டார். கல்லூரி மாணவர் ஒருவர், அவர் நிறுத்தியிருக்கவே கூடாது, இன்னும் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

எனக்கு அது பிராண்ட் அறைக்குள் வந்த நிமிடம். அப்போது சேவியருக்கு மூடிக்கொள்ள இமை இன்னும் உதவியதா என்பதல்ல காரணம். நிறுத்து என்று சொல்ல, அவரை அறிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தார். அதற்குப் பிறகு படத்தில் வருபவர்களில் டயானைத் தவிர மற்ற எல்லாரும், இன்னும் பார் என்றோ கண்ணைப் பிடுங்கு என்றோதான் சொல்கிறார்கள்.